இன்ஜின் வேலை முடிந்தும் ஸ்டார்ட் ஆகாத இண்டிகா

சிலிண்டர்களைக் கடைந்து போர் பண்ணி, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைச் சமமாகச் சீவி ஃபேஸிங் செய்து, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் முடித்து, புது டைமிங் பெல்ட் மாட்டி, ஆயில், கூலன்ட் எல்லாம் ஊற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது. சைலன்சரில் வெள்ளையாகப் புகை வருகிறது. நடுவில் ஒரு உதை உதைக்கிறது. ஆனால் பிடிக்கவில்லை. இன்ஜின் வேலை பார்த்த டீசல் வண்டியில் இதைவிடச் சிக்கலான நிலை கிடையாது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருப்பதால் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தில் முதலில் ஹெட்டைத்தான் மறுபடி இறக்கத் தோன்றும். அதைச் செய்யாமல், வெளியிலிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்து எங்கே போய் முடிந்தது என்பதை எழுதி வைக்கிறேன். இண்டிகா மட்டுமில்லை, ரோட்டரி பம்ப் (சுற்றியபடி டீசலைப் பங்கிடும் பம்ப்) உள்ள எந்தப் பழைய டீசல் வண்டிக்கும் இது பயன்படும்.

வண்டி கல்லிடைக்குறிச்சி மாமாவுடையது. டாடா இண்டிகா, டர்போ இல்லாத சாதா டீசல். 1405 சிசி, நாலு சிலிண்டர், போர் 75 மில்லிமீட்டர். 2018-இல் இந்த வண்டி தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அம்பாசமுத்திரம் பக்கம் வயலுக்கும் வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் இன்னும் ஓடுகிற இண்டிகாக்கள் நிறைய உண்டு. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, சூடேறி, ஹெட் வளைந்ததில் வேலை ஆரம்பித்தது. ஏற்கெனவே ஆயிலும் குடித்துக்கொண்டிருந்ததால் முழு இன்ஜினையும் இறக்கிவிடுவோம் என்று மாமாவே சொல்லிவிட்டார். பிசானப் பருவ நெல் நடவுக்கு முன்னால் வண்டி கைக்கு வர வேண்டும், அது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

வேலை வீரவநல்லூரில் எங்களுக்குப் பழக்கமான அண்ணாச்சியின் ஷெட்டில் நடந்தது. பேட்டை ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவர், அந்தக் காலத்து அம்பாசடர் டீசலிலிருந்து கை பழகியவர். போர் வேலை திருநெல்வேலியில் ஒரு லேத்தில். டீசல் பம்பும், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரும் அளவு சரிபார்க்கும் கேலிபரேஷனுக்கு வேறொரு பம்ப் சர்வீஸுக்குப் போய் வந்தன. பம்பை அதன் புல்லியோடு கழற்றிக் கொடுத்தோம்; புல்லியோடுதான் திரும்பி வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செல்ஃப். சுற்றுகிறது என்பது போதாது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதுதான் கேள்வி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். மெதுவாக அடித்தால் சுடாது. இன்ஜினும் மெதுவாகச் சுற்றினால் இறுக்கிய காற்று ரிங் இடுக்கில் கசியும், இருக்கிற சூட்டையும் சிலிண்டர் சுவர் இழுத்துக்கொள்ளும். புதிதாக வேலை பார்த்த இன்ஜின் டைட்டாக இருக்கும், ரிங்கும் இன்னும் சிலிண்டர் சுவரோடு பொருந்திப் படிந்திருக்காது. ஆகவே இந்தத் தொல்லை இரண்டு மடங்கு.

பேட்டரி நல்ல பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது அதன் முனையில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அப்படியும் சுற்று கனமாக இருந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 1 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. அதாவது எர்த் சரியில்லை. லேத்திலிருந்து வந்த பிளாக்குக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. எர்த் வயரின் போல்ட் அந்தப் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. இடத்தைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும்படி செய்து இறுக்கியதும் செல்ஃபின் சத்தமே மாறிவிட்டது. இன்ஜின் வேலை முடித்த எந்த வண்டியிலும் முதலில் இந்த மீட்டர் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் வீணாகப் பழி சொல்ல வேண்டியிருக்காது.

அப்புறம் ஹீட்டர் பிளக். நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். இந்த மாதிரி இன்ஜினில் டீசல் நேரே பிஸ்டன் மேல் விழுவதில்லை. ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் பீச்சப்படுகிறது. குளிர்ந்த இன்ஜினில் அந்த அறையின் சுவரே சூட்டை விழுங்கிவிடும். அதனால் சித்திரை வெயிலிலும் காலை முதல் ஸ்டார்ட்டுக்கு ஹீட்டர் தேவை. நாலு பிளக்கையும் ஒரே தகடு இணைத்திருக்கும். அதைக் கழற்றாமல் டெஸ்ட் லேம்ப் வைத்தால் செத்த பிளக்கிலும் விளக்கு எரியும், ஏனென்றால் கரண்ட் பக்கத்துப் பிளக் வழியாகப் போய்விடும். தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்று செத்திருந்தது. மாற்றினோம். ரிலே சரியாக வேலை செய்தது.

இவ்வளவுக்கும் பிறகு சாவியைத் திருப்பினால் அதே வெள்ளைப் புகை, அதே ஒற்றை உதை.

இந்த இடத்தில்தான் மாமா, "மருமவனே, டாடா ஏஸ்ல கட்டி இழுத்துருவோமா? ஒரு இழுப்புல பிடிச்சிரும்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நம் பக்கம் எல்லா ஷெட்டிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் வேலை முடித்த இன்ஜினை, காரணம் தெரியாமல் கட்டி இழுக்கக் கூடாது. டைமிங் பெல்ட் ஏதாவது பல் மாறி உட்கார்ந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். செல்ஃபில் லேசாகத் தட்டுப்படுவது இழுப்பில் வளைந்தே போகும். அது சரியாக இருந்தாலும், எரியாத டீசல் புது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். புது ரிங் உலர்ந்த சுவரில் தேயும். கழுவிய டீசல் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். ஏர் இன்டேக்கில் பெட்ரோல் துணி காட்டுவதும், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் இன்னும் மோசம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து, புது பிஸ்டனின் ரிங் பள்ளத்தை உடைத்துவிடும். வேண்டாம் மாமா என்றேன். அண்ணாச்சியும் வேண்டாம் என்றார். மாமா கேட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி ஸ்டூலைப் பின்னால் இழுத்துப் போட்டு சைலன்சர் பக்கம் உட்கார்ந்துகொண்டார். "தம்பி, புகை வருதுல்லா? அப்ப டீசல் உள்ள போகுது. போறது எரியலை. அவ்வளவுதான் கேள்வி" என்றார்.

ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டியில் இதைவிடப் பெரிய தடயம் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை என்று அர்த்தம். ஏர் லாக் (லைனில் காற்று அடைப்பது), ஸ்டாப் சாலிடாயிடு (டீசலை நிறுத்தும் மின் வால்வு), பம்ப், டேங்க்கிலிருந்து வரும் லைன் என்று தேட வேண்டும். புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அதற்குக் காரணம் மூன்றே மூன்று: சூடு போதவில்லை, கம்ப்ரஷன் போதவில்லை, அல்லது நேரம் தவறி வருகிறது. சூட்டைப் பார்த்தாயிற்று. மிச்சம் இரண்டு.

அதற்கு முன்னால் டீசல் லைனையும் ஒரு பார்வை பார்த்தோம், விட்டுவைக்க வேண்டாம் என்று. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மாதிரி டியூப் போட்டு, ஃபில்டர் தலையில் உள்ள கை பம்பை அழுத்தி, நாலு இன்ஜெக்டர் நட்டையும் லேசாகத் தளர்த்தி ஏர் எடுத்தோம். குமிழி இல்லை. நாலிலும் டீசல் துடித்துத் துடித்து வந்தது. ஒரு எச்சரிக்கை: நட் தளர்த்தியிருக்கும்போது வரும் டீசல் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் ஆஸ்பத்திரி வேலைதான்.

பைப் வரிசையும் சரி. பம்பின் வாய்கள் ஃபையரிங் வரிசைப்படி 1-3-4-2 என்று போக வேண்டும். இரும்புப் பைப்புகள் அச்சில் வளைத்து வந்தவை என்பதால் மாற்றி மாட்டுவது எளிதில்லை. ஆனாலும் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டோம்.

கம்ப்ரஷனுக்கு நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, ஸ்டாப் சாலிடாயிடின் வயரையும் பிடுங்கிவிட்டு, பிளக் ஓட்டையில் கேஜை மாட்டி அடித்தோம். நாலும் 340-லிருந்து 360 பிஎஸ்ஐக்குள். ரிங் படிந்த இன்ஜினில் இன்னும் கூடுதலாக வரும். ரிங் படியாத புது இன்ஜினுக்கு இது போதும். நாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததுதான் நிம்மதி. வால்வு டைமிங் பெரிதாக மாறியிருந்தால் இந்த எண்ணே வராது. ஹெட் கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் போயிருந்தால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கியிருக்கும். ஹெட்டை மறுபடி இறக்குகிற பேச்சு அத்தோடு முடிந்தது. பெட்ரோல் இன்ஜினில் செய்வதுபோல ஓட்டையில் ஆயில் ஊற்றிப் பார்க்கும் வழக்கத்தை டீசலில் செய்யாதீர்கள். மேலே இருக்கிற இடமே கொஞ்சம். ஆயில் அதை நிரப்பி எண்ணைப் பொய்யாக ஏற்றும், கூடினால் இன்ஜினே பூட்டிக்கொள்ளும்.

ஆக, நேரம் மட்டும்தான் மிச்சம்.

பெல்ட் கவரைக் கழற்றினோம். பிஸ்டன்களோடு சுற்றும் ஷாஃப்ட்டான கிராங்க்கை ஸ்பேனர் போட்டுச் சுற்றி, 1-ஆம் சிலிண்டர் பிஸ்டனை அதன் உச்சியான டாப்புக்குக் கொண்டுவந்தோம். கிராங்க் குறி சரி. வால்வுகளைத் திறக்கும் கேமின் குறி சரி. பம்ப் புல்லியின் குறியும் சரியாக அதன் இடத்தில். இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி பார்த்தாலும் மூன்றும் நேர்கோடு. அண்ணாச்சி மாட்டிய பெல்ட்டில் குறை இல்லை. பலர் இந்த இடத்தில் "டைமிங் பக்கா" என்று சொல்லிக் கவரை மூடிவிடுவார்கள். அண்ணாச்சி மூடவில்லை. புகை வேறு சொல்கிறது, குறி வேறு சொல்கிறது. இரண்டில் புகைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவர் கட்சி.

டீசல் சீக்கிரம் விழுந்தால் இன்ஜின் கடமுடவென்று அடிக்கும், செல்ஃபைத் திருப்பி உதைக்கும். தாமதமாக விழுந்தால், பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்து, காற்றின் சூடு தணிந்துகொண்டிருக்கும் நேரத்தில் விழுவதால், பாதி எரிந்தும் எரியாமலும் வெள்ளைப் புகையாக வெளியே போகும். எங்களுக்கு வந்தது இரண்டாவது. பம்ப் உட்காரும் இடத்தில் போல்ட் ஓட்டைகள் நீளமாக இருக்கும், சின்னச் சரிக்கட்டலுக்காக. பம்பின் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக பம்ப் உடலைத் திருப்பினால் டைமிங் முன்னால் வரும். ஓட்டையின் கடைசி எல்லைவரை திருப்பி இறுக்கிவிட்டு அடித்தோம். உதை கூடியது. இரண்டு மூன்று சிலிண்டர் சேர்ந்து பிடிக்கப் பார்த்தன. நிற்கவில்லை. திசை சரி, தூரம் போதவில்லை. அந்த நீள ஓட்டையால் சரிசெய்ய முடியாத அளவுக்குத் தாமதம் இருக்கிறது, ஆனால் குறிகள் எல்லாம் நேராக இருக்கின்றன. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க ஒரு வழிதான் உண்டு. குறி புல்லியில் இருக்கிறது. டீசலைத் தள்ளுவது உள்ளே இருக்கும் ஷாஃப்ட். புல்லி சொல்வதை ஷாஃப்ட் கேட்கவில்லை.

ஊகத்தில் கழற்ற வேண்டாம் என்று சின்ன அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வாங்கிவரச் சொன்னார் அண்ணாச்சி. இந்த வகைப் பம்பை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மைக்கோ பம்ப் என்பார்கள். 2008-இல் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறியும் ஷெட்டுகளில் பழைய பெயர் போகவில்லை. அதன் பின்பக்கம் நாலு பைப் வாய்களுக்கு நடுவில் ஒரு பிளக் போல்ட் இருக்கும். அதைக் கழற்றி டயல் கேஜின் முனையை உள்ளே விட்டால் பம்பின் பிளஞ்சரைத் தொடும். அந்த ஒற்றைப் பிளஞ்சர்தான் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய் நாலு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடுகிறது. கிராங்க்கைப் பின்பக்கமாக மெல்லத் திருப்பி, முள் இறங்குவது நிற்கும் இடத்தில் டயலைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். பிறகு முன்பக்கம் சுற்றி 1-ஆம் சிலிண்டர் டாப்பில் நிறுத்த வேண்டும். அங்கே பிளஞ்சர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் டைமிங். இன்ஜினுக்கு இன்ஜின் அளவு மாறும். பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டி ஏதோ ஓர் எண் மேனுவலில் இருக்கும்.

நான் ஸ்பேனரைப் பிடித்துச் சுற்ற, அண்ணாச்சி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாப் குறி நெருங்கியது. முள் பூஜ்யத்தில் நின்றது. குறி நேராக வந்து நின்றது. முள் அப்போதும் பூஜ்யம். "இன்னும் கொஞ்சம்" என்றார். குறியைத் தாண்டிச் சுற்றினேன். அப்போதுதான் முள் மெல்ல அசைந்து ஏற ஆரம்பித்தது. பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகுதான் பம்ப் தள்ளவே தொடங்குகிறது. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

பெல்ட்டை இறக்கி, புல்லியைச் சுற்றவிடாமல் பூட்டி, நட்டை எடுத்தோம். இந்தப் புல்லி உட்காரும் ஷாஃப்ட் கூம்பு வடிவம். சுத்தியலால் தட்டினால் வராது, தட்டவும் கூடாது. உள்ளே பம்பின் பேரிங் அடி வாங்கும். புல்லர் போட்டு இழுத்ததும் டக் என்ற சத்தத்தோடு விடுபட்டது. புல்லியையும் ஷாஃப்ட்டையும் ஒரு இடத்தில் பிடித்து வைத்திருப்பது அரைவட்டமான ஒரு சின்ன கீ. விரல் நகத்தளவுதான் இருக்கும். அது ஷாஃப்ட்டின் பள்ளத்தில் படுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுடையது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. புல்லியை ஏற்றும்போது கீயின் நுனி இடறி, பள்ளத்தில் பின்பக்கம் சரிந்து, மேல் விளிம்பு சீவப்பட்டுப் பளபளவென்று இருந்தது. புல்லியின் பள்ளத்துக்குள் அது போகவே இல்லை. நட் இறுகியதில் கூம்பு மட்டும் பிடித்துக்கொண்டு, புல்லியும் ஷாஃப்ட்டும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் தப்பான கோணத்தில். பம்ப் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே பம்பில் 8 டிகிரி தவறினால் கிராங்க்கில் 16 டிகிரி தவறும். கண்ணுக்குத் தெரியாத விலகல் ஒரு இன்ஜினையே நிறுத்திவைக்கப் போதுமானது.

வெளியே வேலைக்குப் போய் வந்த பாகத்தை, அது வந்த மாதிரியே மாட்டுவது எல்லா ஷெட்டிலும் வழக்கம். இப்போதெல்லாம் அண்ணாச்சி பம்ப் வந்ததும் நட்டை எடுத்து, கீ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இன்ஜினில் வைக்கிறார்.

ஷாஃப்ட்டின் பள்ளம் தப்பித்திருந்தது. புது கீயைப் பள்ளத்தின் வளைவுக்கு ஏற்றபடி படுக்க வைத்து, கூம்பையும் புல்லியின் துளையையும் துணியால் உலரத் துடைத்தோம். கூம்பில் ஆயிலோ கிரீஸோ தடவக் கூடாது, பிடிப்பே அதில்தான் இருக்கிறது. புல்லியைக் கையால் ஏற்றும்போதே கீ உள்ளே வழுக்கிப் போவது தெரிய வேண்டும். நட்டை வைத்து இழுத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தால் கீ இடறுகிறது என்று அர்த்தம். மேனுவல் சொன்ன டார்க்கில் நட்டை இறுக்கி, பெல்ட்டைப் போட்டு, டென்ஷனர் வைத்து, இரண்டு சுற்று கையால் சுற்றி, குறி பார்த்து, டயலில் பிளஞ்சர் ஏறும் அளவை (லிஃப்ட்) சரியாக வைத்து, பம்ப் போல்ட்டை இறுக்கினோம்.

பம்ப் திறந்திருந்ததால் மறுபடி ஏர் எடுத்தோம். ஹீட்டர் விளக்கு அணைந்ததும் மாமாவே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதலில் கொஞ்சம் உளறியது, சைலன்சரில் தேங்கியிருந்த டீசல் எல்லாம் ஷெட்டை மறைக்கும் அளவுக்குப் புகையாக வந்தது, பிறகு நாலும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்தோம், அணைந்தது. புகை தெளிந்தது.

அன்றைக்கே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினோம். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தது, முகர்ந்தால் டீசல் நெடி. அத்தனை தடவை செல்ஃப் அடித்ததில் எரியாத டீசல் கீழே இறங்கியிருக்கிறது. புது பேரிங்குகளை அந்த நீர்த்த ஆயிலில் ஓடவிடக் கூடாது. செலவு பார்த்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு, அது தப்பு.

மாமாவிடம் புது இன்ஜினை ஓட்டிப் பழக்கும் ரன்னிங் விஷயத்தில் ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொன்னேன். வண்டியை ஐடிலில் மணிக்கணக்காகப் போட்டு வைக்க வேண்டாம். அதில் ரிங் படியாது, சுவர் வழவழவென்றாகி ஆயில் குடிக்கத் தொடங்கும். மிதமான பாரத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலி போய் வருகிற ரோடு அதற்குத் தோது. பாபநாசம் மலை ஏறுகிற வேலை இப்போதைக்கு வேண்டாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சில நொடி வெள்ளைப் புகை இன்னும் வருகிறது. ரிங் படியப் படியக் குறையும் என்கிறார் அண்ணாச்சி. 1000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றும்போது கம்ப்ரஷனும் ஒருமுறை எடுத்துப் பார்க்கப் போகிறோம். அப்போது 400-ஐ ஒட்டி வந்தால் வேலை சரி.